தீப்பெட்டி இருக்கிறதா?

ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கென வந்து சேர்ந்தபோது அவனுக்கு இந்தியும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. சாத்தூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்து, மதுரையில் வரலாறு முதுகலை முடித்தவன். வகுப்பறைக்குள் ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. வெளியே எதுவும் போதவில்லை. முதல் மூன்று வாரங்கள் விடுதி உணவுக்கூடத்தில் தனியாகவே உண்டான். அந்நகரில் அவன் பேசக் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம் வழி கேட்பதற்கானதும் அன்று, விலை கேட்பதற்கானதும் அன்று. 'மாச்சிஸ் ஹை க்யா?' தீப்பெட்டி இருக்கிறதா?

நூலகம் இரவு பத்தரைக்கு மூடும். அங்கிருந்து வெளியேறுவோர் வாயிலைத் தாண்டி ஒரு தேநீர்க் கடைக்குப் போவார்கள். கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். கடை அந்தத் தூரத்தைச் சற்றே தாண்டி இருந்தது. ஒரு புரட்டாசி இரவில் அவன் அந்த வாக்கியத்தை ஒரு மலையாளி ஆய்வாளரிடம் சொல்லிப் பார்த்தான். அவர் நீட்டிய தீப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது சாத்தூர் முகவரி அச்சிட்டிருந்தது. அவனுடைய தாய் இருபது ஆண்டுகளாகத் தீப்பெட்டி ஆலையில் குச்சி அடைப்பவர். இதை அவன் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னான். அன்று இரவு இருவரும் ஒரு மணி வரை பேசினார்கள். மறுநாள் முதல் அவன் தனியாக உண்ணவில்லை.

செய்தி எதையும் கடத்தாமல் உறவை மட்டும் உண்டாக்கும் பேச்சை மாலினோவ்ஸ்கி 1923இல் தனியாக இனங்கண்டு பெயரிட்டார். வானிலை பற்றிய பேச்சும் நலவிசாரிப்பும் அவ்வகையின. தீ கேட்பதும் அதில் சேரும். முன்பின் அறியாத ஒருவரிடம் தயக்கமின்றிக் கேட்கக்கூடிய மிகச் சில பொருள்களில் தீ ஒன்று. கேட்டவர் மறுக்கப்படுவதில்லை, கொடுத்தவருக்கு எதுவும் குறைவதில்லை. மொழி தெரியாத ஊரில் இதைவிட எளிய நுழைவாயில் இல்லை. புகைப்பழக்கத்தின் தீமையைச் சொல்லும் அறிவிப்புகள் பெரும்பாலும் நுரையீரலைப் பற்றியே பேசுகின்றன. இந்த நுழைவாயிலைப் பற்றி அவை பேசுவதில்லை. அதனால்தான் புகைப்பவர்கள் அவற்றைப் படித்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் தீப்பெட்டி கேட்கிறார்கள்.

சில மாதங்களில் கடையருகே நால்வர் நிலையாகக் கூடினர். அரசியலறிவியலில் ஆய்வு முடிக்கும் தறுவாயிலிருந்த அந்த மலையாளி, வாரங்கலிலிருந்து வந்த வேதியியல் ஆய்வாளர், கொல்கத்தாவைச் சேர்ந்த சமூகவியல் ஆய்வாளரான பெண், நான்காவதாக அவன். அந்தப் பெண்ணுக்கு அக்கடை இன்னொரு வகையிலும் தேவையாக இருந்தது. வேறெங்கு புகைத்தாலும் அவர்மீது விழும் பார்வை அங்கு விழுவதில்லை. நால்வருடைய ஆய்வேடுகளிலும் உருப்படியான பகுதிகள் அங்கேதான் உருவாயின. அவனுடைய இரண்டாம் இயலின் வாதம் முழுவதும் ஒரே இரவில், ஆறு சிகரெட்டுகளின் இடைவெளியில் தெளிவுபட்டது.

இப்பழக்கத்துக்கு இந்திய மொழிகள் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொள்ளவில்லை. தமிழ் எழுத்துவழக்கில் புகையைப் பிடிக்கிறோம். பேச்சுவழக்கில் பீடியைக் குடிக்கிறோம். இந்தியும் தெலுங்கும் குடிக்கின்றன. வங்காளம் சிகரெட்டை உண்கிறது. மலையாளமும் கன்னடமும் இழுக்கின்றன. நிறுத்துவதைச் சொல்லும்போது இவற்றுள் பல ஒரு கருத்தில் கூடிவிடுகின்றன. தமிழின் 'விடு', கன்னடத்தின் 'பிடு', இந்தியின் 'சோட்னா', வங்காளத்தின் 'சாடா' ஆகிய எல்லாமே கையிலிருப்பதை நழுவவிடுவதைக் குறிப்பவை. ஊரை விடுவதற்கும் ஒருவரை விட்டுப் பிரிவதற்கும் அதே சொல்தான். இந்தப் பொருள்மயக்கம் அகராதியோடு நிற்பதன்று என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவனுடைய மாத உதவித்தொகை 8,000 ரூபாய். ஒரு சிகரெட் 18 ரூபாய், நாளொன்றுக்குப் பத்து. மாதக் கணக்கு 5,400. உதவித்தொகை ஒழுங்காக வந்ததில்லை. ஒருமுறை நான்கு மாதங்கள் வரவில்லை. கடைக்காரர் ஒரு நீண்ட குறிப்பேட்டில் ஒவ்வொருவர் கணக்கையும் எழுதி வைப்பார். ஒன்பது வாரங்களில் அவன் பெயருக்கு நேராகச் சிகரெட் மட்டும் 630 என்று ஏறியிருந்தது, 11,340 ரூபாய். நிலுவைத் தொகை மொத்தமாக வந்த அன்று கடைக்கும் உணவுக்கூடத்துக்கும் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்பினான். மாதந்தோறும் வீட்டுக்கு 2,000 ரூபாய் அனுப்புவது வழக்கம். நான்கு மாதமாக அதுவும் நின்றிருந்தது. இரவில் தாய் அழைத்துக் கேட்டபோது, "இன்னும் வரலம்மா" என்றான். "சரிய்யா, வந்தா பாத்துக்கலாம். நீ நல்லாச் சாப்பிடு" என்று அவர் வைத்துவிட்டார். அன்றும் அவர் குச்சி அடைத்துவிட்டு வந்துதான் பேசியிருப்பார்.

அவன் விட முடிவு செய்தது அந்த இரவில். எவரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை.

முதல் முயற்சியைத் தனியாகச் செய்தான். கடைக்குப் போகவில்லை. பத்தரைக்கு நூலகத்திலிருந்து நேரே அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். நிகோட்டின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போதும். அது இல்லாமையால் வரும் எரிச்சலும் பதற்றமும் தூக்கமின்மையும் முதல் சில நாள்களில் உச்சத்தை அடைகின்றன. பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் தணிகின்றன. மூன்றாம் நாள் இரவில் அவனால் ஒரு பத்தியைக்கூடப் படிக்க முடியவில்லை. ஆனாலும் அவனைக் கடைக்கு இழுத்தது நிகோட்டின் மட்டும் அன்று. சாளரத்துக்கு வெளியே, பாதையில் அந்த மூவரின் சிரிப்புக் கேட்டது. தான் சிகரெட்டை விட்டிருக்கிறோமா அவர்களை விட்டிருக்கிறோமா என்று அவனுக்கே தெளிவாகவில்லை. எழுந்து போனான். எவ்வித உதவியுமின்றி விடுவோரில் ஆறு மாதம் தாண்டி நிலைப்பவர் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் என்பது ஆய்வாளர்கள் பல தரவுகளைத் திரட்டிக் கண்ட கணக்கு. அவன் அந்த மூவரிலோ ஐவரிலோ இல்லை.

அவன் மூன்று நாள் வராததன் காரணத்தை மலையாளி ஊகித்துவிட்டார். "நீ தனியாக விட்டால் எங்களையும் சேர்த்து விடவேண்டியிருக்கும். அது நடக்காது. நால்வரும் விடலாம்" என்றார். "சேட்டா, நீங்கள் பதினைந்து ஆண்டாகப் புகைப்பவர்" என்று இவன் சொன்னதற்கு, "அதனால்தான் எனக்கு ஆள் துணை வேண்டும்" என்று பதில் வந்தது.

அவர்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு எளியது. முதலாவதாக, இரவுக் கூடுகை நிற்கக் கூடாது. இடம் மட்டும் மாறவேண்டும். பல்கலைக்கழக வளாகத்தில் தக்காணத்துக்கே உரிய பெரும் கருங்கற்பாறைகள் உண்டு. பத்தே முக்காலுக்கு அங்கு நடந்து போய்த் திரும்புவது என்று வைத்துக்கொண்டனர். இரண்டாவது, வேட்கை எழும்போது மற்ற மூவரில் ஒருவரை அழைக்கவேண்டும். அழைக்கப்பட்டவர் அறிவுரை சொல்லக் கூடாது. வேறெதையாவது ஐந்து நிமிடம் பேசவேண்டும். வேட்கை ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நீடிக்கும் என்பதால் அந்த ஐந்து நிமிடமே மருந்து. மூன்றாவது, விட்ட நாள்களை ஒரு தாளில் எழுதி மலையாளியின் அறைக் கதவில் ஒட்டுவது.

வேதியியலாளர் மருந்தகத்திலிருந்து 2 மில்லிகிராம் நிகோட்டின் பசை வாங்கி வந்தார். அதை இனிப்புப் பசைபோல் தொடர்ந்து மெல்லக் கூடாது, காரம் தெரியும் வரை மென்று கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்லவேண்டும் என்று செய்து காட்டினார். தேநீர் குடித்த உடனே மென்றால் பயன் குறையும் என்பதும் அவர் சொன்னதுதான். இன்னொன்றையும் அவரே விளக்கினார். புகையிலுள்ள சில சேர்மங்கள், காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டுகின்றன. புகை நின்றதும் நொதியின் வேகம் குறைகிறது. வழக்கமான அளவு தேநீரே இரத்தத்தில் நெடுநேரம் தங்கிப் படபடப்பைத் தருகிறது. அதைப் பலர் சிகரெட் வேட்கை என்று பிழையாக எண்ணிக்கொள்கிறார்கள். நால்வரும் தேநீரைப் பாதியாக்கினார்கள். இப்படி ஒரு காரணம் தெரிந்ததே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தன் குணம் கெட்டுவிட்டது என்று அவன் அஞ்சிக்கொண்டிருந்தான்.

கடைக்காரருக்கு இதனால் இழப்புத்தான். எட்டாம் நாள் பகலில் அவன் தனியே போய் ஒன்று கேட்டபோது அவர் கையை மட்டும் அசைத்தார். "நக்கோ மியா." தக்கணி உருதுவின் இந்த 'நக்கோ'வுக்கு 'வேண்டாம்' என்று பொருள். பிறகு ஒரு சிட்டிகை சோம்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான்கு பேரின் கணக்கும் ஒரே வாரத்தில் நின்றுபோனதைக் குறிப்பேட்டில் பார்த்துத் தாமாகவே புரிந்துகொண்டிருந்தார்.

கூட்டாக விடுவது எளிதாக இருப்பதற்குச் சான்றுகள் உண்டு. குழுவாக விடும் திட்டங்கள், கையேட்டைப் படித்துத் தனியே விடுவதைவிடக் கூடுதல் பயன் தருகின்றன என்பது காக்ரேன் திறனாய்வின் முடிவு. நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபவுலரும் 2008இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட கட்டுரை இதில் புகழ்பெற்றது. ஃபிராமிங்ஹாம் இதயநோய் ஆய்வின் தரவுகளிலிருந்து 12,067 பேரின் உறவு வலையை 1971 முதல் 2003 வரை அவர்கள் பின்தொடர்ந்தனர். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் விட்டால் 36 விழுக்காடு. சிறு நிறுவனங்களில் உடன் பணிபுரிபவர் விட்டால் 34 விழுக்காடு. ஒருவரையொருவர் அறியாதவர்கள்கூடக் கொத்துக்கொத்தாக ஒரே காலத்தில் விட்டிருந்தனர். விடாமல் எஞ்சியவர்கள் வலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தனர். ஒத்த இயல்புடையவர்கள் நண்பர்களாவதையும் நண்பர்கள் ஒருவரையொருவர் மாற்றுவதையும் இத்தகைய தரவுகளில் பிரித்தறிய இயலுமா என்று பின்னாளில் புள்ளியியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் வலையின் ஓரம் என்பது எப்படிப்பட்ட இடம் என்பதை அவன் சாத்திய கதவுக்குள் மூன்று இரவுகள் அறிந்திருந்தான்.

கூட்டுக்கும் ஒரு கேடு உண்டு. அது நாற்பதாம் நாளுக்குப் பின் வெளிப்பட்டது.

மலையாளியின் ஆய்வேட்டு முன்னளிப்புக் கருத்தரங்கு சரியாக அமையவில்லை. இரண்டு இயல்களைத் திருத்தி எழுதும்படி ஆகிவிட்டது. அவர் வழக்கம்போல இரவில் பாறைகளுக்கு வந்தார், சிரித்தார், கதவுத் தாளில் தம் பெயருக்கு நேராக நாள்களை எழுதிவந்தார். ஐம்பத்து மூன்றாம் நாள் மாலை, வளாகத்துக்கு வெகு தொலைவில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் அவர் புகைத்துக்கொண்டு நிற்பதை அவன் பேருந்துக்குள்ளிருந்து பார்த்தான். அவரும் பார்த்துவிட்டார். அன்று இரவு பாறைக்கு மூவர்தான் வந்தனர். தாளில் ஐம்பத்து மூன்று என்று எழுதப்பட்டிருந்தது.

வேதியியலாளருக்குச் சினம். ஏமாற்றியவரைக் குழுவில் வைத்துக்கொள்வதால் எல்லோரும் சரிவார்கள் என்றார். சமூகவியலாளர் வேறு விதமாகப் பார்த்தார். "அவரிடம் நாம் நாள்களைக் கேட்டோம், அவர் நாள்களைத் தந்தார். ஒன்று என்று எழுத நாம் இடம் வைத்தோமா?" வீட்டிலும் வீதியிலும் ஒளித்துப் புகைத்துப் பழகிய அவருக்கு, ஒளிப்பவரின் நிலை மற்ற இருவரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆலன் மார்லட்டும் ஜுடித் கார்டனும் 1985இல் பதிப்பித்த நூலில் இந்நிலைக்கு ஒரு விளக்கம் உண்டு. ஒருமுறை வழுக்குவது வேறு. முழுவதும் வீழ்வது வேறு. வழுக்கியவர் 'எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்' என்று தம்மீதே தீர்ப்பு எழுதிக்கொள்ளும்போதுதான் வழுக்கல் வீழ்ச்சியாகிறது. தூய்மையான நாள்களை மட்டும் பாராட்டும் குழு அந்தத் தீர்ப்புக்கு மை தருகிறது. கதவில் தொங்கிய தாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவன் பேசினான். கடைக்குக் கொடுத்த 11,340 ரூபாயையும், தாயிடம் சொன்ன 'இன்னும் வரல'வையும் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னான். அந்த ஒரு பொய்யைச் சொல்ல நேர்ந்ததால்தான் விட விரும்பியதையும், விட்டபின்பும் அந்தப் பொய் அப்படியே இருப்பதையும் சொன்னான். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து வேதியியலாளர் எழுந்து, "வாருங்கள், அண்ணாவைக் கூப்பிடுவோம்" என்றார்.

மூவரும் மலையாளியின் அறைக்குப் போனார்கள். அவர் கதவைத் திறக்கச் சற்று நேரம் ஆயிற்று. பெண் அந்தத் தாளைக் கிழித்து மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார். யாரும் காரணம் கேட்கவில்லை. நால்வரும் பாறைக்கு நடந்தார்கள். பாதி வழியில் அவரே, "பதினான்கு நாளாக, நாளுக்கு மூன்று" என்றார். அதன்பின் தாள் இல்லை. இரவில் கூடும்போது, அன்று புகைத்தவர் புகைத்தேன் என்பார், மற்றவர்கள் நடப்பார்கள். அவ்வளவே விதி. அவன் மறுநாள் காலை தாயை அழைத்தான். அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இப்ப விட்டுட்டியா?" என்று மட்டும் கேட்டார். "விட்டுட்டேம்மா" என்றான். சிகரெட்டையா பொய்யையா என்று அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஓராண்டுக்குப் பின் கணக்கெடுத்தால் முடிவு முழு வெற்றியன்று. மலையாளி மேலும் இருமுறை வழுக்கி, இருமுறையும் சொல்லி, இப்போது எட்டு மாதமாகப் புகைக்கவில்லை. சமூகவியலாளரும் அவனும் அன்று விட்டதுதான். எல்லோருக்கும் பசையை மெல்லக் கற்றுத்தந்த வேதியியலாளர் ஆய்வு முடித்து வேறு நகரத்துக்குப் போனார். அங்கே பாறையும் இல்லை, பத்தே முக்காலும் இல்லை. இரண்டாம் மாதத்தில் மீண்டும் தொடங்கிவிட்டார். அதை அவர் ஒளிக்கவில்லை. அன்று இரவே மூவரையும் அழைத்துச் சொன்னார். இப்போதும் வாரம் ஒருமுறை அழைக்கிறார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். பீடி புகைப்போர் 7.7 விழுக்காடு, சிகரெட் புகைப்போர் 4 விழுக்காடுதான். கிறிஸ்டாகிஸ், ஃபவுலர் கட்டுரையிலும் ஒரு வரி உண்டு: கூடுதலாகப் படித்த நண்பர்களிடையேதான் ஒருவர் விடுவது மற்றவரை அதிகம் பாதித்தது. விடுவதற்கான துணையும் படிப்பைப் போலவே சமமாகப் பங்கிடப்படவில்லை. அந்தத் தேநீர்க் கடையில் நால்வருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒப்பந்தக் காவலாளிகளும் கட்டடத் தொழிலாளரும் பீடியோடு நின்றிருந்தார்கள். ஓராண்டில் ஒருமுறைகூட அவர்களை யாரும் பாறைக்கு அழைக்கவில்லை. அழைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

கடந்த மார்கழியில் ஓர் இரவு, நூலக வாயிலில் பணியிலிருந்த முதிய காவலாளி அவனை நிறுத்தி, "மாச்சிஸ் ஹை க்யா?" என்றார். பைக்குள் கைவிட்டுப் பார்ப்பது பழக்கம், பார்த்தான். இல்லை. அந்த நகரில் தனக்கு முதலில் கிடைத்த வாக்கியத்துக்கு முதன்முறையாக அவன் 'இல்லை' என்று சொன்னான். காவலாளி போக எத்தனித்தார். அவன் நின்று, தன் குறை இந்தியில், தான் விட்டதையும் எப்படி விட்டதையும் சொல்லத் தொடங்கினான். அவர் சிரித்தார், தாமும் மூன்றுமுறை விட்டதாகச் சொன்னார். இரவுப் பணியில் தனியாக உட்கார்ந்தால் பீடிதான் துணை என்றார்.

2016 முதல் டெல்லி வல்லபாய் பட்டேல் மார்புநோய் நிறுவனத்திலிருந்து நடக்கும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை, 1800-11-2356, அவருடைய கைப்பேசியில் அவன் பதிந்து கொடுத்தான். இரவில் தனிமை மிகும்போது அழைக்க என்று அதற்குக் கீழே தன் எண்ணையும் பதிந்தான். இப்போது பாறைக்குப் போகும் மூவரும் நூலக வாயில் வழியாகவே போகிறார்கள். அங்கே பத்து நிமிடம் நிற்கிறார்கள். அவர் சில இரவுகளில் பீடியோடும் சில இரவுகளில் பீடியில்லாமலும் இருக்கிறார். எதுவாயினும் சொல்லிவிடுகிறார்.